பொட்டு வைத்த பூச்சிப் படம்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால், என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தின் முன் நின்று அதிலுள்ள அந்துப்பூச்சிகளை நான் எண்ணுகிறேன். ரசிப்பதற்காக அல்ல. எதுவும் வெளியே போய்விடவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக. மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையில் பேசிவிட்டு, போர்த்திய துண்டை மடிக்கக்கூட நேரமில்லாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன், பொழுது சாய்வதற்குள் எண்ணியாக வேண்டுமே என்று. நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் அந்தப் படத்தை எட்டித் தொடலாம். அதைத் தவிர அவற்றால் இந்த விஷயத்தில் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

மொத்தம் எத்தனை பூச்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் உங்கள் வீட்டுச் சுவர்களில் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். நம் வயதில் எண்ணுவதற்கு மாத்திரைகளே போதும்.

எழுபதுகளில், எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்கும் வடகரப்பதிக்கும் நடுவில் எங்கள் வீடு இருந்தது. பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், வீட்டில் கொங்குத் தமிழ், பஸ் ஏறினால் பொள்ளாச்சி. கிணற்றடியில் கொஞ்சம் தென்னை, மற்றபடி மழையை நம்பிய காடு. காடு என்றால் மரங்கள் இல்லை. மானாவாரி நிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தக் காட்டில் கடலைக்காய். அதற்கு முந்தின வருஷம் கம்பளிப்பூச்சி படையெடுத்து வந்து, இலையைத் தின்று காம்பை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்துப் போயிருந்தது. அதனால் அந்த வருஷம் பெரியவர்கள் பேச்சில் வானத்தைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தால் பூச்சியைப் பற்றி இரண்டு வாக்கியம் வரும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, கோடை முடிகிற சமயத்தில், பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார் என் மாமன். அம்மாவின் தம்பி. கையில் ஒரு தகரப் பெட்டி, கக்கத்தில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒரு தட்டையான சாமான். குமுளிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பல வருஷம் எழுத்து வேலை பார்த்தவர். மலைக் காய்ச்சல் வந்து, அது போய், போகும்போது நெஞ்சில் சளியை வைத்துவிட்டுப் போயிருந்தது. சட்டை அவர் மேல் இருந்தது என்பதைவிடச் சட்டைக்குள் எங்கேயோ அவர் இருந்தார் என்று சொல்வதுதான் சரி.

அவர் வந்த மறுநாளோ என்னவோ, அடுப்படியில் அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன்.

“இன்னொரு மழைக்காலம் மலையில இருந்தா ஆளு தேறாதுன்னு கோயமுத்தூர் டாக்டர் சொல்லிப்போட்டாருங்க.”

“இருக்கட்டும், இருக்கட்டும்,” என்றார் அப்பா.

நடையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அது அத்தை. அப்பாவின் அக்கா, கணவரை இழந்து, எங்கள் வீட்டுக்கு வந்து, வந்த நாளிலிருந்து எங்கள் வீடாகவே ஆகிவிட்டவர். கல்யாணமாகிப் போன அக்கா வீட்டில் ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்து சாப்பிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அவருடைய கேள்வி. அந்த நாலு பேரை நான் பிற்காலத்தில் நிறையத் தேடிப் பார்த்திருக்கிறேன். நாலு பேரும் அத்தைதான்.

எனக்கு அத்தையிடம் பயம். மாமன் செத்துப்போவாரோ என்று பயம். சாக்கைப் பிரித்த அன்று மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

ஒரு ஜன்னல் கதவளவு இருக்கும், கண்ணாடி போட்ட படம். உள்ளே முழுக்க இலை. தீக்குச்சிக்கு வெட்டுவார்களே, மட்டி மரம், அதன் கிளை என்றார் மாமன். நீள நீளமாக, ஓரத்தில் பல் வைத்த இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, வெயில் பட்டதும் படாததும் பூச்சி அரித்ததும் பழுத்ததுமாக. அந்த இலைகளுக்கு நடுவில் அந்துப்பூச்சிகள். ஏலக்காய் ஸ்டோரில் விளக்கு விடிய விடிய எரியுமாம். காலையில் வெள்ளைச் சுவரில் மலைக்காட்டின் பூச்சியெல்லாம் வந்து ஒட்டியிருக்குமாம். வேலை தொடங்குவதற்கு முன்னால் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்து அவர் வரைந்து சேர்த்தது இந்தப் படம். எத்தனை வருஷம் பிடித்தது என்பது அவருக்கே நினைவில்லை.

நடுவில் இருந்தது இரண்டு உள்ளங்கை சேர்த்து விரித்த அளவு. செம்மண் நிறம். இறக்கையின் இரண்டு நுனியிலும் நல்லபாம்பின் தலை, கண்ணும் வாயும் உட்பட. அதன் கீழே ஒன்றுக்கு முதுகில் மண்டையோடு. இன்னொன்று இறக்கையை விரித்தால் இரண்டு ஆந்தைக் கண். வாலை நீட்டிக்கொண்டு தளிர் நிறத்தில் ஒன்று. இவையெல்லாம் பரவாயில்லை, இருப்பது தெரிந்துவிடும். தெரியாதவைதான் கொடுமை. நரம்பும் காம்பும் வைத்து இலை போலவே மடிந்து உட்கார்ந்திருந்தவை, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தவை. இலை என்று நினைத்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திடீரென்று அதற்கு மீசை இருக்கும். முதுகில் ரோமம் ஒவ்வொன்றாகத் தெரியும். அப்படி ஒரு கை மாமனுக்கு.

அப்பா அதை ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், மாட்டினார். காரணம் அழகுணர்ச்சி அல்ல. மாரியம்மன், முருகன், லட்சுமி, கொடி பிடித்த ஒரு தலைவர், அத்தையின் மறைந்துபோன வீட்டுக்காரர், அப்பா அம்மா கல்யாணத்தில் எடுத்துப் பெரிதாக்கிய கூட்டப் புகைப்படம் என்று வரிசையாகத் தொங்கிய சுவரில் ஓர் ஆணி சும்மா இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அத்தை சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் சுவரின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். கண்ணாடி போட்ட எதையும் அவர் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. கல்யாணப் படத்தில் பொட்டு சரியாக அவர் முகத்துக்கு நேராக விழும். முன் வரிசையின் நடுவில் அவர்தானே உட்கார்ந்திருந்தார். பூச்சிப் படத்தின் முன் வந்து நின்றார். சந்தனத்தைத் தொட்டு வைத்தார், மேலே குங்குமம் வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், அடுத்த படத்துக்குப் போனார்.

அத்தையே கும்பிடுகிறார் என்றால் அது சாதாரணப் படமாக இருக்க முடியாது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

மாமனுக்கு என் பயம் தெரியாது. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை ஆசை என்று எடுத்துக்கொண்டார். “எத்தன இருக்குதுன்னு எண்ணிச் சொல்லு பாக்கலாம் அம்மிணி,” என்பார். சொல்வேன். கட்டிலில் சாய்ந்தபடியே தலையை ஆட்டுவார். “இன்னும் இருக்குது.” மறுநாள் கூட ஒன்று கண்டுபிடிப்பேன். “இன்னும் இருக்குது.” விளையாட்டு என்று அவர் நினைத்தார். எனக்கோ, நேற்று இல்லாதது இன்றைக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. பூச்சியின் பொடி கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதனால் கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணுவேன். அது எண்ணிக்கைக்கு நல்லதல்ல.

நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்து வோல்டேஜ் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்திருந்தது. வெளிச்சம் இன்னும் வந்து சேரவில்லை. பொழுது சாய்ந்து ஊரில் எல்லாரும் சுவிட்சைத் தட்டினால் பல்புக்குள் ஒரு சிவப்புப் புழு நெளியும், அவ்வளவுதான். அந்தப் புழு வெளிச்சத்தில் எண்ணினால் மடிந்திருக்கும் பூச்சியெல்லாம் இலையாகிவிடும். வோல்டேஜ் ஏறினால் பூச்சி ஏறும், இறங்கினால் இறங்கும். இதை இன்றைக்கு என்னால் ஒரு வரியில் சொல்ல முடிகிறது. அன்றைக்கு என்னால் செய்ய முடிந்ததெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணுவதுதான்.

கோடைத் தூறலுக்கே விதைத்த கடலை முளைத்திருந்தது. பருவத்தின் முதல் மழை ஒரு மத்தியானம் பெய்தது. சாயங்காலம் மண்வாசனையும் தவளையுமாக இருந்தது. வோல்டேஜ் அடியோடு இறங்கியிருந்தது. எண்ணினேன். முந்தின நாளைவிட நாலைந்து குறைந்தது. திரும்ப எண்ணினேன். இன்னும் குறைந்தது. அத்தை முறத்தில் துவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன். அவரிடம் எனக்கு இருந்த பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தால்தான் அது நடக்கும்.

“படத்துல இருந்து பூச்சி வெளிய போயிருச்சுங்கத்தை.”

“என்ன பூச்சி?” என்றார்.

சொன்னேன். பாம்புத் தலை, மண்டையோடு, ஆந்தைக் கண், மீசை, எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை இருந்தன, இப்போது எத்தனை காணோம் என்பதையும் சொன்னேன். அத்தையின் கை முறத்திலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தில் பயத்தை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். சாமி கும்பிடும் பெரியவர் பயந்தால் சின்னப் பிள்ளைக்குப் போக வேறு இடம் ஏது?

அதே சமயத்தில் வாசலில் இருந்த பல்பைச் சுற்றி வெள்ளையாக என்னவோ வர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவு. வெள்ளை இறக்கையில் பழுப்புக் கோடு. கம்பளிப்பூச்சியின் தாய்ப்பூச்சி. மழை பெய்தால் மண்ணுக்குள்ளிருந்து வந்து, கடலைக்காய் இலையில் முட்டை வைக்கும். எல்லா வருஷமும் வருவதுதான். ஆனால் எல்லா வருஷமும் படம் இல்லையே.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு இருக்கிறதே. காலையில் எண்ணினால் கணக்குச் சரியாக இருந்தது. அதை நான் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி காட்டில் முட்டை வைத்துவிட்டு விடிவதற்குள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்கின்றன என்று எடுத்துக்கொண்டேன். அத்தையிடம் அதையும் சொன்னேன். அத்தை அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஒரு படத்தை மட்டும் தாண்டிப் போனார். போகிற இடத்திலெல்லாம் விஷயத்தைச் சொன்னார். ரேஷன் கடை, மாவு மில், மாரியம்மன் கோயில்.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, தெற்குத் தோட்டத்துக்காரர் தன் காட்டிலிருந்து ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பின்னால் இன்னும் சில பேர். இலையின் அடியில் பொடிப்பொடியாகப் புழு. அவர் நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை. ஆசாரத்துக்குள் வந்து, படத்துக்கு எதிரே உட்காராமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்பாவிடம் கேட்டார்.

“ஏனுங்க பங்காளி, லச்சுமி படத்த எதுக்கு ஊட்டுல மாட்டறோம்?”

அப்பா யோசித்தார். “லச்சுமி வரோணும்னுதானுங்க.”

“முருகன் படம்?”

“அதுவும் அப்படித்தானுங்க.”

“நீங்க பூச்சி படத்த மாட்டி, வெள்ளிக்கெழமையானா பொட்டும் வெச்சா, எது வருமுங்க?”

தர்க்கத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். இதற்குப் பதில் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ‘தலைவர் படம்கூடத்தான் மாட்டியிருக்கிறோம், அவர் ஒரு தடவை வந்தாரா?’ என்று அப்பா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பா எதையும் மறுத்துப் பேசாதவர். கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர் சொல்வது அப்பாவுக்குச் சரியாகப் படும்.

மாமன் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, “இதுல நம்ம காட்டுப் பூச்சி ஒன்னுகூட இல்லீங்க. எல்லாம் மலைப் பூச்சிங்க,” என்றார்.

“மலைப் பூச்சிக்குக் கீழ ஒறம்பரை இருக்காதுங்களா தம்பி?” என்றார் தெற்குத் தோட்டத்துக்காரர். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையாகவே கேட்டார். மலையிலிருந்து கீழே அக்கா வீட்டுக்கு உறவாட வந்திருந்த மாமன் அதற்கு என்ன பதில் சொல்வார்? இருமினார்.

முடிவு இப்படி ஆயிற்று. அடுத்த மழைக்கும் தாய்ப்பூச்சி கிளம்பும். அன்று பொழுதோடு காட்டு வரப்பில் எல்லாரும் தீ மூட்ட வேண்டும். பூச்சி வந்து தீயில் விழும். அது எப்போதும் செய்வதுதான், பஞ்சாயத்து விவசாய ஆபீசரும் அதையேதான் மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தத் தடவை எங்கள் காட்டுத் தீயில் அந்தப் படமும் போக வேண்டும். இவ்வளவோடு எழுந்திருப்பார்கள். அத்தை அடுப்படி வாசலிலிருந்து ஒரு வாக்கியம் சேர்த்தார்.

“படத்த எரிச்சா ஆச்சா? வரைஞ்ச கை ஊட்டுக்குள்ள இருந்தா இன்னொன்னு வரையும்.”

அன்று கடைசியாகப் பேசியது அத்தை. ஆகவே மழைக்கு அடுத்த திங்கட்கிழமை மாமன் பஸ் ஏறிக் குமுளிக்குத் திரும்புவது என்று அப்பாவுக்குச் சரியாகப் பட்டது. அம்மா மோர்ச் செம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முகத்தில் ஒன்றும் இல்லை. அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லாதபோதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருஷம் தேவைப்பட்டது.

இன்னொரு மழைக்காலம் மலையில் இருந்தால் ஆள் தேறாது. டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. வேறு யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாயங்கால வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை கணக்கு முழுசாக வந்துவிட்டால், அத்தையிடம் ஓடிப்போய் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, இனி போகாது என்று சொல்லிவிடலாம். மாமன் போக வேண்டியதில்லை. தினமும் பொழுது சாயும்போது படத்தின் முன் போய் நின்றேன். பாம்புத் தலை என்னைப் பார்க்கும், ஆந்தைக் கண் என்னைப் பார்க்கும். கண்ணை இடுக்காமல், பொடி விழுந்தால் விழட்டும் என்று, விரலை நீட்டி எண்ணுவேன். மழைக்காலம் நெருங்க நெருங்க எங்கள் பக்கத்து வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு நாள்கூட முழுசாக வரவில்லை.

இப்போது புரிகிறதா, நான் ஏன் இன்னும் எண்ணுகிறேன் என்று?

மழை வந்தது. அன்று பொழுதோடு படத்தை இறக்க வேண்டும். அதை வெறுங்கண்ணால் யாரும் பார்க்கக் கூடாது, சாக்கில் சுற்றித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். யார் சுற்றுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஆசாரத்துக்குள் போய், கொஞ்ச நேரத்தில் சாக்கு மூட்டையோடு வந்தார். கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. அப்பா அதைத் தூங்குகிற குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

வரப்பில் பருத்திமாரும் தென்னை மட்டையும் ஈரத்தில் புகைந்து, பிறகு பற்றிக்கொண்டது. தெற்குத் தோட்டத்துக்காரர், அவர் வீட்டு அம்மாள், பக்கத்துக் காட்டுக்காரர்கள், அத்தை என்று சுற்றி நின்றார்கள். மாமனைப் புகைக்கு வர வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தார். வந்திருந்தார். எல்லாரையும் விட்டுத் தள்ளி, துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவர் அழுகிறாரா, புகையா என்று தெரியவில்லை. நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா மூட்டையைத் தீயில் வைத்தார். சாக்கு கருகியது. உள்ளே கண்ணாடி ‘டப்’பென்று வெடித்தது. அவ்வளவுதான், இருட்டுகிற வானத்திலிருந்து, நாலு பக்கத்திலிருந்தும், வெள்ளை வெள்ளையாக வந்தன. தீயைப் பார்த்தால் பூச்சி வரும். வரட்டும் என்றுதான் தீயே மூட்டியது. ஆனால் அந்த நிமிஷத்தில் அதை யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாக்குக்குள்ளிருந்துதான் கிளம்பி வருகின்றன என்று நான் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள். தெற்குத் தோட்டத்துக்காரர் பின்வாங்கி வாய்க்காலில் காலை விட்டார். அத்தை மாரியம்மனைக் கூப்பிட்டார். ஒன்று என் கன்னத்தில் மோதி, இறக்கையை அடித்துக்கொண்டு, விழுந்தது. கண்ணை இறுக்கி மூடினேன். திறந்தால் பார்வை இருக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தது. பாவாடை நனைந்திருந்தது. மழையில் நனைந்ததென்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன்.

மாமனுடைய கைதான் என்னை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தது. அடுப்படியில் அவருக்கு அம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டே காதோடு காதாக என்னவோ சொன்னார். மாமன் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இருமல் வரும்வரை சிரித்தார், இருமிவிட்டு மறுபடியும் சிரித்தார். ஜன்னி கண்டுவிட்டது, இனி மலைக்குப் போகக்கூட வேண்டாம், இங்கேயே முடிந்துவிடும் என்று நினைத்து நான் போர்வைக்குள் போய் அழுதேன்.

அந்தத் தடவை புழு அவ்வளவாக வரவில்லை. எல்லாரும் ஒரே நாளில், பெரிய பெரிய தீயாக மூட்டியதால் இருக்கலாம். படத்தை எரித்ததுதான் காரணம் என்று ஊர் சொல்லிற்று. அத்தை கோயிலுக்குப் போனால் வழி விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை மாமன் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். அம்மா புளிச்சோறு கட்டினார். நான் பள்ளிக்கூடம் போகாமல், வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்வதும், பெட்டியைத் தூக்காமல் நிற்பதுமாக இருந்தார்.

அப்போது தெற்குத் தோட்டத்துக்காரர் ஒரு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தாரை இறக்கி மாமன் காலடியில் வைத்தார். பேச ஆரம்பிப்பதற்குள் இரண்டு தடவை மேல்துண்டைச் சரி செய்துகொண்டார்.

“தம்பி, நீங்க வரைஞ்சா வருதுங்க. அத நாங்கெல்லாம் கண்ணால பாத்தோம்.”

மாமன் தாரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்கூட்டுக்கு ஒரு லச்சுமி வரைஞ்சு குடுங்க. அவசரமில்லீங்க. பையப் பைய வரைங்க. கடையில விக்கற படம் நம்மகிட்ட நாலு இருக்குது, ஒன்னும் வரக் காணோம்.”

அத்தை செருமினார். செருமல் பாதியில் நின்றுவிட்டது. தெற்குத் தோட்டத்து வீட்டு லட்சுமி எங்கள் வீட்டிலிருந்து போகிறாள் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கடைசியாகப் பேசியது தெற்குத் தோட்டத்துக்காரர். அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. “அப்புறம் என்ன மாப்ளை, லச்சுமிய முடிச்சுப்போட்டுப் போலாம்,” என்று பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். என்னையும் சேர்த்துத்தான் தள்ளினார்.

ஒரு லட்சுமி முடிவதற்குள் இன்னொருவர் கேட்டார். அதற்குள் இன்னொருவர். வடகரப்பதிப் பக்கம் இன்றைக்கும் சில வீடுகளில் அந்த லட்சுமிகள் இருக்கிறார்கள். முந்தானையை உற்றுப் பார்த்தால் இறக்கை தெரியும். ஒன்றில் கரையோரம் ஆந்தைக் கண்கூட இருக்கிறது. வாழ்நாளெல்லாம் பூச்சி வரைந்த கை வேறு என்ன செய்யும்? லட்சுமி யார் வீட்டுக்காவது வந்தாளா என்று எனக்குத் தெரியாது. மாமன் போகவில்லை. மழைக்காலங்கள் ஒவ்வொன்றாகப் போயின, அவர் தேறினார், சட்டைக்கு ஆள் வந்தது.

அந்தத் தீக்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்து அப்பா ஒருநாள் சுவரைப் பார்த்து, கல்யாணப் படம் எங்கே என்று கேட்டார். கண்ணாடியில் விரிசல், மாற்றுவதற்குப் பொள்ளாச்சிக்குக் கொடுத்திருக்கிறது என்றார் அம்மா. அப்பாவுக்குச் சரியாகப் பட்டது. அவர் ஆயுசு முழுக்க அந்தக் கண்ணாடி மாறிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கல்யாணமாகிக் கோயமுத்தூருக்குக் கிளம்பும்போது, சீர்ச் சாமான்களோடு அட்டாலிப் பரணிலிருந்து இறக்கிய ஒரு சாக்கு மூட்டையை அம்மா வண்டியில் ஏற்றினார். “உன்ற மாமன் படம். பொட்டு வெக்காத,” என்றார். அவ்வளவுதான் விளக்கம். ஊர் போய்ப் பிரித்துப் பார்த்துத்தான் விஷயம் எனக்குப் புரிந்தது. அன்று வரப்பில் தீயைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் தீக்குள்ளும் இருந்திருக்கிறார்கள், வரிசையாக, கல்யாணத் துண்டோடு. முன் வரிசை நடுவில் அத்தை. மணப்பெண் எங்கேயோ ஓரத்தில். அம்மாவுக்கு அதை எரிக்க ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிரித்த அன்று சாயங்காலம் என்னை அறியாமல் எண்ணினேன். ஆரம்பித்தது நிற்கவில்லை.

அத்தை ரொம்ப வயதான பிறகு கோயமுத்தூரில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு, தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சில நாள் என் வீட்டில் இருந்தார். அவரை அந்தப் படம் இருந்த அறைக்குள் நான் விடவில்லை. அவரே ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். படத்தின் எதிரே நின்றார். எரித்த படம் எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது, பயத்தில் மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை வயதுக்கு மேல், மறுபடியும் அதே பாவாடை கட்டிய பிள்ளையாக நின்றேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கு படுகிற தூரத்தில் போய்ப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அப்பவெல்லாம் எனக்கு ஒன்னுமே தெரியாதே அம்மிணி. எலையாட்டத் தெரிஞ்சுது, மாரியாத்தா வேப்பலைன்னு நெனச்சுப் பொட்டு வெச்சுட்டிருந்தேன். பூச்சின்னு சொன்னதே நீதான?”